மூடியியல்: மேல்மலையிலிருந்து ஓர் அறிமுகம்

மூடி என்பது ஒரு கலத்தின் வாயைத் தேவைப்படும்போது திறக்கவும் மற்ற நேரங்களில் அடைத்து வைக்கவும் உதவும் தனியுறுப்பு என்று வரையறுக்கலாம். இவ்வரையறையின் முதற்பாதியைத் தமிழ்ச் சமூகம் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டுவிட்டது. இரண்டாம் பாதி மட்டும், அதிலும் வீட்டுக்கு வெளியே நிற்கும் குப்பைத்தொட்டியைப் பொறுத்தவரை, இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. தொட்டி வாங்கப்படும் நாளில் கடைக்காரர் மூடியைப் பொருத்திக் காட்டுகிறார். வாங்குபவரும் ஒருமுறை அழுத்தி மூடிப் பார்த்து, சத்தம் சரியாக இருக்கிறது என்று மனநிறைவு கொள்கிறார். அம்மூடி முழுமையாக மூடப்பட்ட கடைசித் தருணம் பெரும்பாலும் அதுவே. அதற்குப் பின் அது தொட்டியின் விளிம்பில் சாய்ந்தும், பக்கத்தில் மல்லாந்து மழைநீர் தாங்கியும், காற்றடிக்கும் மாதங்களில் அடுத்த வீட்டுத் தோட்டத்திலும் காணப்படுமேயன்றி, தான் செய்யப்பட்ட காரணத்துக்குரிய இடத்தில் காணப்படுவது அரிது.

இப்பொருளை ஆராயத் திண்டுக்கல் மாவட்டத்துக் கூக்காலைவிடப் பொருத்தமான களம் எளிதில் வாய்க்காது. பழனிமலைத் தொடரில் கொடைக்கானலுக்கு மேற்கே உள்ள பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி முதலிய ஊர்களை மேல்மலை என்றும், பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர்ப் பக்கத்தைக் கீழ்மலை என்றும் அப்பகுதியினர் வழங்குவர். மேல்மலையைச் சேர்ந்த கூக்கால், கொடைக்கானல் நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், ஓர் ஏரியையும், படிப்படியாக இறங்கும் வயல்களையும், அவற்றுக்கப்பால் சோலைக்காட்டையும் கொண்டு அமைந்துள்ளது. சோலை என்பது உயர்மலைகளின் மடிப்புகளில், புல்வெளிகளுக்கு நடுவே, ஈரம் காத்து நிற்கும் குட்டை மரங்களின் பசுமைமாறாக் காடு. வயல்களில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டும் விளைகின்றன. இத்தகைய உழவூர்களில் காய்கறித் தோல் மாட்டுத் தொழுவத்துக்கும், மாடு மறுத்தது எருக்குழிக்கும், எருக்குழியில் இருப்பது மீண்டும் வயலுக்கும் செல்வது மரபு. எருக்குழிக்கு மூடி கிடையாது, தேவையும் இல்லை. அதிலிருப்பது யாரும் ஒளித்து வைக்க வேண்டாத, வண்டிக் கணக்கில் விலைபேசத் தக்க சொத்து.

மூடி தேவைப்படும் குப்பை என்பது பிற்காலத்தில் மலையேறி வந்தது. அது பெரும்பாலும் சமவெளியிலிருந்து, சனிக்கிழமைகளில், வாடகை வேனில் வருகிறது. ஏரிக்கரையில் அமர்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கும் குடும்பத்துக்குச் சோலைக்காற்றின் அருமை தெரியும். எலும்பையும் எலுமிச்சைத் துண்டையும் எண்ணெய்த் தாளையும் ஒரே பாலிதீன் பையில் திணித்து, அப்பையைத் தொட்டிக்குள் போட வேண்டும் என்பதும் தெரியும். அதற்குமேல் ஒரு வினை எஞ்சியிருக்கிறது என்பது மட்டும் தெரிவதில்லை. குளிர்பான பாட்டிலின் மூடியை, உள்ளே ஒரு சொட்டும் இல்லாத நிலையிலும், இறுக்கித் திருகிய பின்னரே எறியும் அதே கை, தொட்டியின் மூடியை வான்நோக்கித் திறந்து விட்டுச் செல்வது ஆய்வுக்குரியது.

இம்மலைகளில் திறந்த தொட்டியைத் தேடி வரும் விருந்தினர் பலர். அவருள் முதன்மையானது காட்டுமாடு. செய்தித்தாள்கள் இதைக் காட்டெருமை என்றே எழுதினாலும் உயிரியல் நோக்கில் இது எருமைக்கு அன்று, பசுவுக்கே நெருங்கிய உறவு. தோளுயரம் ஏறத்தாழ ஆறடி, முற்றிய ஆணின் எடை ஒரு டன்னை நெருங்கும். கொடைக்கானல் வனவுயிர்ச் சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் 2013இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அறிவிக்கையின் நகல் இவ்விலங்குகளுக்கு முறைப்படி அனுப்பப்படாமையால் போலும், அவை ஏரிச்சாலையிலும் பேருந்து நிலையத்தருகிலும் தங்கும் விடுதிகளின் பின்வாசலிலும் வரி செலுத்தும் குடிமக்களின் நிதானத்தோடு உலவுகின்றன. ஒரு டன் எடையுள்ள விலங்குக்கு மூடி ஒரு தடையே அன்று என்பதும், தலையை ஒருமுறை அசைத்தாலே தொட்டி மூடியோடு சேர்ந்து உருளும் என்பதும் உண்மை. ஆனால் மூடியின் பணி பூட்டின் பணியன்று. அது மணத்தைத் தடுப்பது. காட்டுமாட்டுக்குக் கண்ணைவிட மூக்குக் கூர்மை மிகுதி. உள்ளே உப்பும் பழத்தோலும் சோறும் இருப்பதாக மூக்குச் சொல்லாவிட்டால், அதற்கு அது வாசலில் நிற்கும் இன்னொரு பச்சை நிறப் பொருள்தான். மூக்குச் சொல்லிவிட்டாலோ, சோற்றோடு பையும் வயிற்றுக்குள் போகிறது. அசைபோடும் விலங்குகளின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. செரிக்காத பிளாஸ்டிக் முதலிரண்டு அறைகளில் தங்கித் திரண்டு, உணவுக்கு இடமில்லாமல் செய்து, விலங்கை நிறைந்த வயிற்றோடு பட்டினியில் தள்ளுகிறது. இந்தப் பகுதியில் நகைக்க எதுவும் இல்லை.

நகைப்புக்குரியது குரங்கிடம் இருக்கிறது. நகைப்பவரும் குரங்குதானோ என்னும் ஐயமும் உண்டு. தென்னிந்தியாவுக்கே உரிய நாட்டுக் குரங்கு கூட்டமாக வாழ்வது, கன்னத்துள் பையுடையது, கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து நுண்பொருளைப் பற்றவல்லது. உயிரியலார் ‘உகந்த இரைதேடல்’ என்று ஒரு கோட்பாடு கூறுவர்: ஒரு விலங்கு தான் செலவிடும் நேரத்துக்கும் உழைப்புக்கும் மிகுந்த ஆற்றலைத் தரும் உணவையே நாடும் என்பது அதன் சாரம். காட்டில் அரைநாள் அலைந்து தளிரும் பூச்சியும் பொறுக்குவதற்குப் பதிலாக, ஒரு மூடியை இரண்டு நொடியில் தூக்கினால் அரைத்தட்டுப் பரோட்டா கிடைக்குமெனில், கணக்கைப் போட்டுப் பார்ப்பதற்குப் பட்டப்படிப்பு வேண்டுவதில்லை. மூடி திறந்தே இருக்குமெனில் அந்த இரண்டு நொடியும் மிச்சம். ஒரு குரங்கு கண்டதை மற்றவை பார்த்துப் பழகுவதற்குச் ‘சமூகவழிக் கற்றல்’ என்று பெயர். தொட்டியை மூட வேண்டும் என்ற செய்தி மனிதக் கூட்டத்தில் பரவும் வேகத்தையும், தொட்டி திறந்திருக்கிறது என்ற செய்தி குரங்குக் கூட்டத்தில் பரவும் வேகத்தையும் ஒப்பிட்டால், அக்கோட்பாடு எந்த இனத்துக்காக வகுக்கப்பட்டது என்பது விளங்கும்.

இவ்விடத்தில் பென்குவின் தொட்டியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறாவிட்டால் ஆய்வு முழுமை பெறாது. இந்தியாவின் பூங்காக்கள், மலைவாசத் தலங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றில் கண்ணாடியிழையால் செய்யப்பட்டு, வயிற்றில் ‘யூஸ் மீ’ என்று எழுதப்பட்டு, அலகை அகலத் திறந்து நிற்கும் இப்பறவை, மூடியியலில் தனிவகை. மற்றத் தொட்டிகளில் மூடி திறந்திருப்பது பயன்படுத்துவோரின் குறை; இதிலோ திறந்திருப்பதே வடிவமைப்பு. தென்முனைக் குளிருக்கென்று படைக்கப்பட்ட பறவை ஒன்றை வெப்பநாட்டில் நிறுத்தி, அதன் வாயில் வேர்க்கடலைத் தோலை இடச்செய்யும் எண்ணம் யாருக்கு முதலில் உதித்தது என்பது ஒருபுறம் இருக்க, அந்த வாயின் அளவு குரங்கின் தோள்வரை நுழையப் போதுமானதாகத் திட்டமாக அமைந்திருப்பது வியப்புக்குரியது. குரங்கு பென்குவினின் தலைமேல் அமர்ந்து, ஒரு கையால் அதன் கண்ணைப் பற்றிக்கொண்டு, மறுகையை அலகுக்குள் விட்டு ஐஸ்கிரீம் கோப்பை ஒன்றை வெளியே எடுக்கும் காட்சியில், வயிற்றில் எழுதிய வேண்டுகோளைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றுவது அவ்விலங்கு ஒன்றே.

இத்தனைக்கும் தமிழர் மூடத் தெரியாதவர் அல்லர். மூடுவதில் அவருக்கு இணை காண்பது கடினம். ஊறுகாய் ஜாடியின் வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டுவது, பாற்பாத்திரத்தின் மேல் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் பூனையின் வலிமையைக் கணித்துக் குழவிக்கல்லை ஏற்றுவது, தட்டும் கல்லும் போதாவிட்டால் உறியில் தொங்கவிடுவது என்று, திருட்டு விலங்குக்கு எதிரான தொழில்நுட்பம் அடுக்களைக்குள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்துள்ளது. அந்த அறிவு வாசற்படியைத் தாண்டியதும் ஏன் நின்றுவிடுகிறது? விடை கையில் இருக்கிறது. பால் மூடியைத் தொட்ட கை தூய்மையாகவே இருக்கும். குப்பைத்தொட்டியின் மூடியைத் தொட்ட கை எச்சிலையும் அழுக்கையும் தீண்டிய கையாகிவிடும். ஆகவே பலர் மூடியைத் தொடாமலே தொட்டியைப் பயன்படுத்தும் வழியைத் தேடுகின்றனர். அவ்வழி ஒன்றுதான்: மூடி முன்பே திறந்திருக்க வேண்டும். பையின் மூலையை இரண்டு விரலால் பிடித்து, உடலைப் பின்னுக்கு வளைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூன்றடி தூரத்திலிருந்து எறியும் அந்த ஆட்டநிலை எல்லா ஊரிலும் ஒன்றுபோல் இருக்கிறது. மிதித்தால் திறக்கும் தொட்டி இதற்காகத்தான் வந்தது. ஆனால் அதன் மிதியை வீட்டுக்குள் மிதிக்கின்றனர். வெளியே வைத்தால் முதல் மழைக்காலத்திலேயே கம்பி துருப்பிடித்து, மூடி பாதியில் நின்று, திறப்பும் அடைப்பும் அல்லாத மூன்றாம் நிலை ஒன்றை எய்திவிடுகிறது.

எவரும் தொட விரும்பாத அந்த மூடியை நாள்தோறும் தொடுபவர் ஒருவர் உண்டு. ஊராட்சிகளில் அவருக்குத் தூய்மைக் காவலர் என்று பெயர். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டில் சேரும் தீங்கான கழிவு என மூன்றாகப் பிரித்துத் தருமாறு வீட்டாரைப் பணித்தன. பிரித்தபின்னும் திறந்து வைத்த தொட்டியில் மழை விழுந்தால் மூன்றும் மீண்டும் ஒன்றாகிக் குழைந்துவிடும் என்பது மேல்மலைக்கு வந்து பார்த்தவர்க்குத் தெரியும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஐந்து கிலோ குப்பையுள்ள 60 லிட்டர் தொட்டி, வடகிழக்குப் பருவமழையில் ஓர் இரவு திறந்து நின்றால், காலையில் அதைத் தூக்கிச் சாய்க்க வேண்டியவரின் இடுப்புக்கு மூடியின் அருமை புரியும். படிகளும் சரிவுகளுமான மலையூரில் தள்ளுவண்டி எல்லா வாசலுக்கும் போகாது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மூடாமல் விட்டவர் அந்நேரம் கம்பளிக்குள் இருக்கிறார்.

அரசாணையால் மூடியை நிலைநாட்டிய முன்னுதாரணமும் உண்டு. 1883 நவம்பரில் பாரிஸின் நிர்வாகத் தலைவர் யூஜீன் புபெல், வீட்டுச் சொந்தக்காரர்கள் குடியிருப்போருக்கு மூடியுள்ள கலங்களை வைத்துத்தர வேண்டும் என்று ஆணையிட்டார். வீட்டுக்காரர்கள் செலவைச் சொல்லிக் கூச்சலிட்டனர், குப்பை பொறுக்கிப் பிழைத்தோர் பிழைப்பைச் சொல்லிக் கூச்சலிட்டனர். கொடைக்கானலிலும் ஆணைகளுக்குக் குறைவில்லை. 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் சுற்றுலா வண்டி மலையேற முடியாது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுவந்தால் பசுமை வரி ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய். மூடியைத் திறந்துபோட்டவருக்கு மட்டும் வரி இல்லை. இந்த ஒரு துறை அரசின் கண்ணில் படாமல் தப்பியிருக்கிறது.

வெளிநாட்டு ஆய்வுகள் நம்பிக்கை ஊட்டுவனவாக இல்லை. சிட்னி நகரில் மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ என்னும் கிளியினப் பறவைகள் தெருத்தொட்டிகளின் மூடியை அலகால் நெம்பி, விளிம்பின் மேல் நடந்தே திறக்கப் பழகின. 2018க்கு முன் மூன்று புறநகர்களில் மட்டும் காணப்பட்ட இக்கலை, 2019 முடிவதற்குள் 44 புறநகர்களுக்குப் பரவிவிட்டதை 2021இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. மக்கள் மூடிமேல் செங்கல்லை வைத்தனர்; பறவைகள் அதைத் தள்ளிவிடக் கற்றன; மக்கள் கல்லைக் கட்டிவைத்தனர், கீலிடுக்கில் பழைய செருப்பைச் செருகினர். குப்பை லாரியின் எந்திரக் கை தொட்டியைக் கவிழ்க்கும்போது மூடி தானாகத் திறந்தாக வேண்டும் என்பதால் இறுகப் பூட்டவும் வழியில்லை. அடுத்த ஆண்டு அதே ஆய்வாளர்கள், அண்டைவீட்டாரைப் பார்த்தே மக்களும் புதுத் தந்திரங்களைக் கற்கின்றனர் என்று அறிவித்தனர். மனிதருக்கும் சமூகவழிக் கற்றல் உண்டு என்பது இவ்வாறு ஐயமற நிறுவப்பட்டது. அமெரிக்காவின் மேற்கு யெல்லோஸ்டோனிலோ, புதுத்தொட்டியைக் கரடிகளிடமே கொடுத்து, 60 நிமிடம் அவை கடித்தும் மிதித்தும் திறக்காவிட்டால்தான் தகுதிச் சான்று வழங்குகின்றனர். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக் கரடிகள் சமையல் எண்ணெய்க்காகக் கதவுகளையே பெயர்த்துவிடுவதை நோக்க, அவற்றுக்கும் இத்தகைய தேர்வாளர் பணி தரலாம்.

மேல்மலையின் சொந்த உத்திகள் இதைவிட எளியன. முதலாவது கல், வயலைச் சீர்செய்யும்போது கிடைப்பது, விலையற்றது, குரங்குக்குச் சற்றே கனமானது. அதன் குறை, காலையில் தூய்மைக் காவலர் அதை இறக்கிவைத்த பிறகு மீண்டும் ஏற்ற ஆளிருப்பதில்லை. இரண்டாவது பழைய சைக்கிள் டியூப்: நீளவாக்கில் அறுத்து, ஒரு முனையைத் தொட்டியின் கைப்பிடியில் முடிந்து, மூடிக்கு மேலாக இழுத்து மறுபக்கக் கைப்பிடியில் மாட்டினால், காற்றுக்கும் குரங்குக்கும் சேர்த்து ஈடுகொடுக்கும், தொட்டி உருண்டாலும் மூடி கழலாது. குரங்கு டியூபை இழுத்துப் பார்க்கும். விட்டதும் அது விரலில் சுரீரென்று அடிக்கும். அந்தப் பாடத்தையும் கூட்டம் பார்த்துக்கொள்கிறது. மூன்றாவதாக, தொட்டியைச் சுவரோடு கட்டுக்கம்பியால் பிணைத்து, மூடிக்குக் கொண்டி வைத்து, சிறு பூட்டும் போடும் முறை தங்கும் விடுதியாரிடையே மதிப்புப் பெறத் தொடங்கினால், அதன் விளைவை இப்போதே ஊகித்துவிடலாம். சாவி சமையற்காரரிடம் இருக்கும். சமையற்காரர் சந்தைக்குப் போயிருப்பார். இரவு பத்து மணிக்குக் கோழி எலும்புகளோடு வெளியே வரும் விருந்தினர், பூட்டைக் கண்டு, பொறுப்புள்ள குடிமகனாகக் குப்பையைத் தரையில் எறிய மனமில்லாமல், பையை இரண்டு முடிச்சாக இறுக்கிக் கட்டி, தொட்டியின் கைப்பிடிக்கு மேலே, கொக்கி இருந்தால் சுவரிலேயே, பார்வையாகத் தொங்கவிட்டுச் செல்வார். விடியலில் வரும் காட்டுமாட்டுக்குக் குனிய வேண்டிய சிரமமும் இராது.