பூங்காப் பேணுநர் இலக்கணம்

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்பார்கள். ஆகவே முதலில் பாயிரம். இந்நூல் வழங்கும் எல்லை: வடக்கே எண்ணூர், தெற்கே உத்தண்டி, கிழக்கே கடல். மேற்கெல்லை ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டிருப்பதால் வரையறுக்கவில்லை. நுதலிய பொருள்: சென்னை மாநகராட்சிப் பூங்காவும் அதைச் சுற்றிக் குடியிருப்போரும். கேட்போர்: விடிவதற்கு முன்பே கேட்டைத் தட்டி வாட்ச்மேனை எழுப்புகிறவர்கள். பயன்: தட்டுவதோடு நிற்காமல் அவர்கள் வேறு ஏதாவது உருப்படியாகச் செய்வது. வழி: இத்துறையில் முன்னோர் நூல் எதுவும் என் கைக்குக் கிட்டவில்லை. ஆகவே இதுவே முதல்நூல்.

பூங்காவில் உள்ள உயிர்களைப் பகுக்கும் வேலையில் பாதியைத் தொல்காப்பியர் முடித்துவைத்துவிட்டார். புல்லும் மரமும் ஓரறிவு, எறும்பு மூவறிவு, தும்பி நாலறிவு, நடைபாதைக்குக் குறுக்கே படுத்திருக்கும் நாய் ஐயறிவு, அதைத் தாண்டி நடப்பவர் ஆறறிவு. அந்த ஆறறிவு உயிரை மேலும் பகுக்க அவருக்குத் தேவை ஏற்படவில்லை. அக்காலத்தில் குடியிருப்போர் நலச்சங்கம் கிடையாது. விடுபட்ட இடத்தை நிரப்ப வந்தது இந்த நூற்பா:

வாயும் பையும் கையும் தாளும்
வருகையும் என்றாங்கு ஐவகைப் படுமே
பூங்கா பேணும் ஊரார் இயல்பே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், பூங்காவுக்கு நல்லது செய்ய நினைக்கும் அக்கம்பக்கத்தார் எந்தெந்தக் கருவியால் அதைச் செய்கிறார்கள் என்று உணர்த்துதல் நுதலிற்று. ஒருவரிடமே இரண்டு கருவிகள் இருப்பதும் உண்டு. வாயும் கையும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அரிது.

வாயினர் எண்ணிக்கையில் மிகுதி என்பதால் அவர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இவர்கள் பேச்சு திசையுடையது, திசையற்றது என இரு பாற்படும். எட்டு வடிவப் பாதையில் கூழாங்கல் மேல் நடந்தபடி, “பார்க்கா சார் இது? யாருக்கு சார் அக்கறை இருக்கு?” என்று பின்னால் வருகிறவரிடம் கேட்பது திசையற்ற பேச்சு. கேட்டு முடிப்பதற்குள் அவர் எட்டின் அடுத்த வளைவுக்குப் போய்விடுவார். திசையுடைய பேச்சு 1913 என்ற மாநகராட்சிப் புகார் எண்ணுக்குப் போகிறது. அங்கும் “பூங்கா சரியில்லை” என்று பொதுவாகச் சொன்னால் யாரும் எதையும் செய்ய முடியாது. முகம் தெரியாத எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து நேரே அந்த இடத்தில் ஏணி சாய்க்கிற அளவுக்குச் சொல்ல வேண்டும்: மேற்கு கேட்டில் நுழைந்ததும் இடப்பக்கம் மூன்றாவது கம்பம், நாலு நாளாக எரியவில்லை. இப்படிச் சொல்லிப் புகார் எண்ணையும் குறித்துக்கொள்பவர் தலைவாய். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர் இடைவாய். கடைவாய் இன்னும் கூழாங்கல் மேல் நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்துப் பையினர்.

பெயரெழுத இடமிலாப் பொருளைப் பையினர்
பெரிதும் வழங்கார் என்மனார் புலவர்.

சிமெண்ட் பெஞ்சில் முதுகு சாயும் இடம் முழுக்க எழுதலாம். உபயதாரர் பெயர், அவர் தகப்பனாரின் நினைவு நாள், பிள்ளைகள் வாங்கிய பட்டம் எல்லாம் கொள்ளும். ஐம்பதடி ஹோஸ் பைப்பில் என்னத்தை எழுதுவது? அதனால்தான் உட்கார ஆளில்லாத பெஞ்சும், வெடித்த இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றிய ஹோஸும் ஒரே பூங்காவில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. கழிப்பறைக்கு பினாயில், மண்வெட்டிக்குக் காம்பு, தோட்ட வேலை செய்யும் அம்மாவுக்கு மழைக்கோட்டு, உடைந்த ஊஞ்சலுக்குச் சங்கிலி என்று ஆண்டு முழுக்கத் தேவைப்படுபவை எவற்றிலும் பெயர் நிற்காது. பையைத் திறக்கும் முன் தோட்டக்காரரிடம் “என்னங்க வேணும்?” என்று கேட்கிற பையினர் அரிதாகவே பிறக்கிறார்கள். பிறந்தவர்கள் வாழ்க.

பெரிதாகச் செய்தே தீர வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 1997இல் தொடங்கி, 2021இல் மறுபடி உயிர்பெற்ற நமக்கு நாமே திட்டத்தில், வேலையின் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடுகிறது. பூங்கா வேலையும் அதில் வரும். தெருவில் முப்பது வீடு சேர்ந்தால் ஒரு பெஞ்சின் காசுக்கு மூன்று பெஞ்சின் வேலை நடக்கும். அந்த வேலை மூன்று பெஞ்சாகவே முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது சங்கத்தின் பொறுப்பு.

பையினரில் நிறுவனப்பை என்று ஓர் உட்பிரிவும் உண்டு. லஸ் அருகே, அமிர்தாஞ்சன் நிறுவிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பெயரால் அமைந்த பூங்காவை சுந்தரம் பைனான்ஸ் பராமரித்துவருகிறது. அங்கே மைக் இல்லாத கச்சேரியும் நடப்பதுண்டு. ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகும் பணத்தைவிட, மாதாமாதம் வந்துகொண்டிருக்கும் பணம் மரத்துக்கு நல்லது என்பதற்கு இது சான்று. எல்லாத் தெருவுக்கும் ஒரு நிறுவனம் கிடைக்காது என்பதும் உண்மை.

கையினர் மண்ணைத் தொடுகிறவர்கள். இவர்கள் நடுவோர், காப்போர் என இரு வகை. நடுவோர்க்குரிய பெரும்பொழுது ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். சென்னை மண் தோசைக்கல்லாக இருக்கும். அன்றைக்கு வரிசையாகக் குழி, வரிசையாகத் தொப்பி, வரிசையாகப் போட்டோ. இந்த ஊருக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவே வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது என்பதைக் கன்று அறியும், விழாக்குழு அறியாது. செப்டம்பர் கடைசியில் குழி எடுத்து, முதல் மழை நனைத்த மண்ணில் புங்கனோ வேம்போ வைத்தால், கோடை வருவதற்குள் வேர் கொஞ்சம் ஊன்றியிருக்கும். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று கோடைக்கு யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த யாராவதுதான் காப்போர். நட்டவர் பெயர் பலகையில் இருக்கும். ஊற்றியவர் பெயரை ஊற்றியவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காப்போர் செய்யும் வேலைகளில் என் மதிப்பில் உயர்ந்தது சருகை எரிக்கவிடாமல் தடுப்பது. பெருக்கிக் குவித்ததைக் கொளுத்திவிடுவது இங்கே பழைய வழக்கம். குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. எரிக்காதே என்று மட்டும் சொன்னால் பெருக்குகிறவருக்குக் கோபம்தான் வரும்; அந்தக் குவியலை அவர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்? மூலையில் இடுப்பளவுக்குக் கம்பிவலைக் கூண்டு ஒன்று கட்டிக்கொடுத்து, சருகை அதில் மிதித்து நிரப்பி, அடுக்குக்கு அடுக்கு சாணிக் கரைசலோ புளித்த மோரோ தெளித்து, காயாமல் பார்த்துக்கொண்டால், சில மாதத்தில் அடியிலிருந்து கறுப்பாக, மழை மண் வாசனையோடு உரம் வரும். முதல் முறை அதைக் கையில் அள்ளிப் பார்த்த கையினர் அதன்பின் வாயினராகத் திரும்பியதாகச் செய்தி இல்லை.

இவ்வகையின் உச்சத்துக்கு எடுத்துக்காட்டு கோட்டூர்புரத்தில் இருக்கிறது. அடையாற்றங்கரையில் பறக்கும் ரயில் பாதையை ஒட்டிக் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை, 2006 முதல் ‘நிழல்’ என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் நம்மூர் மரங்கள் நிறைந்த மரப் பூங்காவாக மாற்றினார்கள். அங்கே போனால் பெஞ்சைத் தேட வேண்டியிருக்கும். நிழலைத் தேட வேண்டியதில்லை.

இனித் தாளினர். இவர்களை நான் முதல் வரிசையில் வைக்கிறேன். இவர்கள் பூங்காவில் உட்காருவதே இல்லை. சார்பதிவாளர் அலுவலக வராந்தாவில் உட்காருகிறார்கள். பூங்கா இருக்கிறது என்று கண் சொன்னால் இவர்கள் நம்புவதில்லை. தாள் சொல்ல வேண்டும்.

அவர்கள் நம்பாததற்குக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இப்படி ஒதுக்கிய நிலம் பூங்காவாக முளைக்காத இடங்களில் வேறு என்னென்னவோ முளைக்கும். முதலில் ஒரு தகரக் கொட்டகை, அப்புறம் கார் நிறுத்தம், அப்புறம் சுற்றுச்சுவர், கடைசியில் ஒரு பிள்ளையார். பிள்ளையார் வந்தபின் தாளினரும் தோப்புக்கரணம் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆகவே கொட்டகைக் கட்டத்திலேயே தாளினர் மூன்று தாளைக் கையில் வைத்திருப்பார்: சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககம் ஒப்புதல் தந்த மனைப்பிரிவு வரைபடம், தானப் பத்திரத்தின் நகல், அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமலே பார்க்கலாம். உள்ளாட்சிகள் தம் எல்லைக்குள் உள்ள பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி எல்லாவற்றுக்கும் பட்டியல் வைக்க வேண்டும் என்று 1959லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பட்டியலில் நம்ம பூங்கா இருக்கிறதா என்று போய்க் கேட்கிறவர் தெருவுக்கு ஒருவர் இருந்தால் போதும். அவரை மற்றவர்கள் வினோதமாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

தாளின் வலிமைக்குப் பெங்களூர் வழக்கு ஒன்றை உரையாசிரியர்கள் காட்டுவர். ராஜமகால் விலாஸ் விரிவில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டுவதற்காக ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள். மருத்துவமனையும் நல்லதுதானே என்று எதிர்ப்பக்கம் வாதிட்டது. அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் விடவில்லை. 1991இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த நிலத்துக்குப் பட்டா உள்ளவர்தான் என்றில்லாமல், பக்கத்தில் குடியிருப்பவரே கேள்வி கேட்கலாம் என்று அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொண்டதுதான் பெரிய லாபம்.

தாளினரின் சிறு ஆயுதம் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய தகவல் உரிமை மனு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். கேட்க வேண்டியது பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல். எத்தனை பேர் வேலைக்கு வர வேண்டும், கழிப்பறை யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு பூங்காவில் அந்த நகலோடு வந்த ஒரு தாளினர், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டது:

“ஏம்மா, நீங்க ஒருத்தர்தானா? நாலு பேர்னு தாள்ல போட்டிருக்கே?”

“இன்னிக்கு நாந்தாங்கய்யா. மத்தவங்களை வேற பார்க்குக்கு ஏத்திட்டுப் போயிட்டாங்க.”

“என்னிக்கு நாலு பேரும் இருப்பீங்க?”

“ஆபீசர் வர அன்னிக்கு.”

இதற்குப் பிறகு அந்த அம்மாவிடம் புல் காய்ந்திருப்பது பற்றிப் பேசுவது அறமாகாது. பேச வேண்டிய இடம் பகுதி சபை. 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடுகின்றன. ஒப்பந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே எழுந்து நிற்பவரைப் பார்த்தால் கூட்டத்துக்கே ஒரு தெம்பு வரும்.

வருகையினர் எதுவும் செய்வதில்லை. வருகிறார்கள், உட்காருகிறார்கள், போகிறார்கள். இவர்களை ஐந்தாம் வகையாகச் சேர்த்தது தகாது என்று சங்கச் செயலாளர் ஒருவர் மறுத்துரைத்தார். அற்றன்று. ஆள் வராத பூங்காவுக்கு விளக்கு வராது. விளக்கு வராத பூங்காவுக்குப் பெண்கள் வர மாட்டார்கள். பெண்கள் வராத பூங்கா நாளடைவில் பாட்டில் உடைக்கும் இடமாகும். மாலை ஆறு மணிக்கு நாலு பாட்டிகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது எந்த சிசிடிவியையும்விடக் கூர்மையான காவல். சென்னையில் பூங்காவுக்கு வந்து உட்கார்ந்ததால் வரலாறே நடந்திருக்கிறது: 1930களில் மாநகராட்சியின் வானொலியைக் கேட்க மக்கள் கூடியது பூங்கா ஒலிபெருக்கிகளின் அடியில், 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். அன்று புல்லில் நடக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தால் கட்சி வாசலிலேயே நின்றிருக்கும்.

இனி போலி. இலக்கணத்தில் போலி என்றால் ஒன்றின் இடத்தில் வேறொன்று வந்து நிற்பது. பூங்காவில் பேணுநரின் இடத்தில் வந்து நிற்கும் போலிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது சிமெண்ட்டுப் போலி. இவருக்கு மண் தெரிந்தால் மனம் பொறுக்காது. நடைபாதைக்கு டைல்ஸ், அதன் ஓரத்துக்கு டைல்ஸ், வேப்ப மரத்தின் கழுத்து வரைக்கும் டைல்ஸ். மழை வந்தால் ஒரு சொட்டு வேருக்கு இறங்காது. எல்லாம் வழுக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடும். தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டைப் பெயர்க்கச் சொல்லித் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது. இங்கே ஆணைக்குக் காத்திராமல், ஒரு கடப்பாரையும் பொறியாளரின் அனுமதியும் வாங்கிக்கொண்டு தொடங்கலாம்.

இரண்டாவது பூட்டுப் போலி. இவர் ஆபத்தானவர், ஏனெனில் இவருக்கு உண்மையிலேயே அக்கறை இருக்கிறது. நடுப்பகலில் உணவு டெலிவரி பையன்கள் வந்து படுக்கிறார்கள், பூட்டு. கல்லூரிப் பிள்ளைகள் ஜோடியாக உட்காருகிறார்கள், பூட்டு. சிறுவர்கள் பந்தடிக்கிறார்கள், பூட்டு. அடுத்த தெருவிலிருந்து வருகிறார்கள், பெரிய பூட்டு. கடைசியில் அவர் விரும்புகிற பூங்கா அமைந்துவிடும்: துப்புரவாக, பச்சையாக, காலையில் அவரும் அவர் நண்பர்கள் இருவரும் மட்டும் நடப்பதாக. அந்த மூவர் ஊருக்குப் போயிருக்கும் மாதத்தில் யாராவது ஒரு லோடு மணலைக் கொட்டினால் பார்க்க ஆளிருக்காது.

நூல் முடிவில் புறனடை வைப்பது மரபு. நிலக்கடலைக்காரர், சிரிப்பு கிளப், பூப்பறித்துப் போகும் பக்தர், புறாவுக்குத் தீனி போடுபவர் ஆகியோர் எந்த வகையில் அடங்குவர் என்பது ஆராயப்படவில்லை. அவர்களுக்காக:

சொல்லா தொழிந்தன உளவெனின் அவற்றை
எட்டுநடை நடந்தே எண்ணிக் கொளலே.