மரப்படிக்குப் பெயிண்டா? முதலில் உப்புத்தாளை எடுங்கள்!

கேள்வி: சுவருக்கு அடித்தது போக அரை டப்பா பெயிண்ட் மிச்சமிருக்கிறது. வீட்டு மரப்படிக்கு அதையே அடித்துவிடலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: சுவரை யாரும் மிதிப்பதில்லையே, அம்மா! சுவர் எமல்ஷன் காலடித் தேய்மானத்தைத் தாங்காது. மரத்தரைக்கென்று விற்கும் பாலியூரிதேன் பூச்சுதான் என் முதல் தேர்வு. விலை கையைக் கடித்தால் சிந்தெடிக் எனாமல். மிச்சமிருப்பதைப் பரணுக்கு அடியுங்கள்.

கேள்வி: தை மாதம் அடித்த எனாமல் ஆடிக்குள் தோல் தோலாக உரிகிறது. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரா? (வாசகர், காரைக்குடி)

பதில்: உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் என் சந்தேகம் பெயிண்டை விட்டு மரத்தின் மேல் போகிறது. செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் பர்மாத் தேக்கு அதிகம். தேக்குக்குள் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அது பெயிண்டை எளிதில் ஒட்டவிடாது. உரிவதையெல்லாம் சுரண்டி எடுத்து, 80 எண் உப்புத்தாளிலும் பிறகு 120-லும் தேயுங்கள். தூசியைத் துடைத்தபின் தின்னரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்து, அது காய்ந்ததும் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். நாளைக்கென்று தள்ளினால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். வெடிப்புகளுக்கு மக்கு வைத்துத் தேய்த்து, மக்கு வைத்த இடத்தில் மட்டும் இன்னொரு கை பிரைமர்.

படியின் முன்விளிம்பைக் கவனித்தீர்களா? பெரும்பாலும் உரிதல் அங்கேதான் தொடங்கும். கூர்மையான விளிம்பில் பெயிண்ட் தங்காமல் இரு பக்கமும் விலகி மெலிந்துபோகும். அங்கேதான் எல்லோர் பாதமும் அழுந்துகிறது. உப்புத்தாளால் விளிம்பை லேசாக உருட்டிவிடுங்கள். ஒரே கனத்த பூச்சாக அப்பினால் மேலே ஆடை கட்டி உள்ளே ஈரமாகவே கிடக்கும். மெல்லிய பூச்சாக மூன்று கொடுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்ததும் 220 எண் தாளால் லேசாக ஒரு தேய்ப்பு.

இத்தனையும் சொன்னாலும், நல்ல தேக்கைப் பெயிண்டால் மூடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பிரைமரும் மக்கும் இல்லாமல், மற்றபடி இதே தயாரிப்போடு நிறமற்ற பாலியூரிதேன் வார்னிஷ் போடுங்கள். தேக்கின் ரேகை வெளியே தெரியட்டும்.

கேள்வி: மாடிக்கு இந்த ஒரு படிதான். பெயிண்ட் காயும்வரை மாமியார் மேலேயே இருக்க வேண்டியதுதானா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அத்தையைக் கீழே அழைத்து வந்து படுக்கை போட்டுக் கொடுங்கள். மற்றவர்களுக்காக ஒன்று விட்டு ஒரு படியாக அடியுங்கள். அவை காய்ந்ததும் விட்டதை அடிக்கலாம். ஆனால் வயதானவர்களைப் படி தாண்டி ஏறவிடவே கூடாது. தொட்டால் ஒட்டாத பதம் சில மணி நேரத்தில் வரும். உள்வரை இறுகச் சுமார் ஒரு வாரம் ஆகும். அதுவரை செருப்போ பீரோவோ அதில் ஏற வேண்டாம். ஐப்பசி மழையில் இந்த வேலையைத் தொடங்கவும் வேண்டாம்.

கேள்வி: பளபளவென்று முகம் தெரிகிற மாதிரி அடிக்க ஆசை. (வாசகர், மதுரை)

பதில்: கைப்பிடிக்கு அடியுங்கள். மிதிக்கும் பலகையில் பளபளப்பு இருந்தால் ஈரக்கால் வழுக்கும். அங்கே பளபளப்புக் குறைந்த பூச்சை வாங்கி, கடைசிக் கையில் நுண்மணல் கலந்து அடியுங்கள். வழுக்காத பட்டையை ஒட்டினாலும் சரி.

கேள்வி: தாத்தா காலத்துப் பெயிண்டை மெஷின் வைத்துத் தேய்த்து எடுக்கலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: கூடாது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாதென்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். அதன் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வாட்டர் பேப்பரை நனைத்துக் கையால் தேயுங்கள். நல்ல முகமூடி அணியுங்கள். தீ காட்டி உரிக்காதீர்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலை முடிந்து வீட்டைத் துடைக்கும்வரை பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அம்மா.