ரிவியூ சார்

மத்திய கைலாஷில் ஆரம்பித்துச் சிறுசேரி வரைக்கும் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் வேண்டுமானாலும் நுழையுங்கள். ஏசிக் காற்று நேராக உச்சந்தலையில் இறங்கும் மூலையில், கையில்லாத ஸ்வெட்டரும் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் டெலிவரி ஹெட், வைஸ் பிரசிடெண்ட் என்று தனி அறைக்குள் போய்விட்டார்கள். இவர் இன்னும் கோட் எழுதுகிறார். பையனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "அப்பா இன்னும் புரோகிராமர்தானா?" என்று இழுத்தார்களாம். விசிட்டிங் கார்டில் என்னவோ ‘பிரின்சிபல் ஆர்க்கிடெக்ட்’ என்றுதான் இருக்கும். ஆபீஸ் வைத்த பெயர் ரிவியூ சார்.

யார் எழுதிய கோடும் இவரைத் தாண்டித்தான் புரொடக்‌ஷனுக்குப் போக வேண்டும். மற்ற சீனியர்களிடம் ரிவியூவுக்கு அனுப்பினால் 40 ஃபைலை 2 நிமிடத்தில் மேய்ந்துவிட்டு, கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு வழியனுப்பி வைப்பார்கள். இவர் படிப்பார். அதுதான் தொல்லை. படித்ததோடு விடாமல், எழுதியவரையே பக்கத்தில் உட்கார வைத்து, "வாய்விட்டு வாசிப்பா" என்பார்.

இந்த முறை மாட்டியது காலேஜ் முடித்த கையோடு வந்து சேர்ந்த ஒரு பையன்.

"இஃப் நாட், இஸ் நாட் இன்வேலிட்..."

"நிறுத்து. நாட், இஸ் நாட், இன்வேலிட். இப்ப இந்த ஆர்டர் செல்லுமா, செல்லாதா?"

பையன் மேஜைக்கடியில் விரல்விட்டு எண்ணினான். "செல்லா... து சார்."

"இதுக்கு மூணு மறுப்பா? சாப்பிட்டியான்னு அம்மா கேட்டா, ‘சாப்பிடாம இல்லைன்னு இல்லை’ன்னா சொல்லுவ? சரி, மேல வாசி."

"டிலே ஈக்வல்ஸ் 30."

"முப்பது என்ன?"

"செகண்ட் சார். கீழ படிச்சா தெரிஞ்சிடும்."

"கீழ படிச்சாத்தான் தெரியும்னா மேல எதுக்கு எழுதின?"

அடுத்து செவ்வாய் கிரகம் வரும் என்பது டீமில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் டீ குடிக்க எழுந்துவிடுவார்கள். 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கிய நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் அழிந்துபோனது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுத்தது. வாங்கிக்கொண்ட மென்பொருள் அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. சொந்தத்தில் ஒரு சாவு விழுந்த துக்கத்தோடுதான் சார் இதைச் சொல்வார். "பேருக்குப் பின்னாடி ‘செகண்ட்ஸ்’னு போட்டா கையா வலிக்கும்? அங்க ஒரு விண்கலமே போச்சுப்பா." தான் எழுதியது மளிகைக்கடை டெலிவரிக்கான ஆப் என்று சொல்ல வாயெடுத்த பையன், அப்புறம் பேசாமல் பெயரை மாற்றினான்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. சார் தொழிலுக்கு வந்தது ஒய்டூகே காலத்தில். மெமரி யானை விலை விற்ற நாளில், 80 எழுத்துக்கு மேல் கொள்ளாத துளை அட்டைகளில் புரோகிராம் எழுதியவர்கள், இடத்தை மிச்சம் பிடிக்க வருஷத்தை இரண்டே இலக்கத்தில் போட்டுவைத்தார்கள். 2000 பிறந்தால் ‘00’ என்பது எந்த நூற்றாண்டு என்று கம்ப்யூட்டருக்குப் புரியாது. திருத்த ஆள் போதாமல் அமெரிக்கக் கம்பெனிகள் இந்தியாவைத் தேடி வந்தன. அவசர அவசரமாகக் கோபோல் படித்த ஒரு பட்டாளம் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறியது. "எவனோ ரெண்டு எழுத்து மிச்சம் பிடிச்சான். அதைத் தேடிப் பிடிக்க என்னை நியூஜெர்சி வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க. எங்க வீட்டு மாடி எழும்பினதே அந்த ரெண்டு எழுத்துலதான்" என்பார்.

ஞானம் பிறந்ததும் அங்கேதான். புரோகிராமின் தலைமாட்டில் எழுதியவர் பெயர் இருக்கும். ஆள் ரிட்டயராகி ஃப்ளோரிடா பக்கம் போயிருப்பார். கேட்க நாதியில்லை. சிலர் எழுதியதை ஒரு தரம் படித்தாலே வட்டிக் கணக்கு விளங்கியது. வேறு சிலர் எக்ஸ்1, எக்ஸ்2, எக்ஸ்2பி என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எக்ஸ்2பி என்பது போனஸா அபராதமா என்று கண்டுபிடிப்பதற்குள் வாரம் ஓடிவிடும். "எப்படி எழுதினாலும் கம்ப்யூட்டருக்குப் புரியும். நாம எழுதறது நமக்கப்புறம் அந்த நாற்காலியில உட்கார்றவனுக்கு. அவன் மூஞ்சியை நாம பார்க்கக்கூடப் போறதில்லை. அதனாலதான் மரியாதையா எழுதணும்." ரிவியூவில் அவர் போடும் கமெண்ட் அத்தனையும் இந்த ஒன்றில் அடக்கம்.

ஒய்டூகேக்கு ஒரு தம்பி இருப்பதும் அவருக்குத் தெரியும். 1970 ஜனவரி 1 தொடங்கி விநாடிகளை 32 பிட்டில் எண்ணிவரும் பழைய சிஸ்டங்களுக்கு 2038 ஜனவரி 19 அன்று எண்ணிக்கை முட்டிக்கொள்ளும். சார் இப்போதே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, காலையில் நடக்கப் போகிறார். ரிட்டயரான ஆளைத் தேடிக்கொண்டு வருவார்கள் என்ற நம்பிக்கைதான்.

டிசைன் என்று பேச ஆரம்பித்தால் அவருக்கு ஒரே மந்திரம்: எது மாறுமோ, அதை ஒரே இடத்தில் பூட்டு. சாஃப்ட்வேர் அறிஞர் டேவிட் பார்னஸ் 1972-இலேயே சொல்லிவிட்டார், நாம்தான் இன்னும் கேட்டபாடில்லை என்பார். ஆபீஸில் பழைய பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்று. தமிழ்நாட்டில் வாட் வரி இருந்த காலத்தில் அதில் கண்ட இடத்தில் எல்லாம் 14.5 என்று எழுதிவைத்திருந்தார்கள். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. 14.5 என்று தேடினால் திரை கொள்ளாமல் வந்து விழுந்தது. அதில் ஒன்று டிஸ்கவுண்ட், இன்னொன்று அட்டைப்பெட்டியின் நீளம். வரி எது, பெட்டி எது என்று பிரிப்பதற்குள் விடிந்துவிட்டது. அதன் பிறகு சார் வரி விகிதங்களை எல்லாம் ஒரே டேபிளுக்குள் கொண்டுவந்து, எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று பக்கத்திலேயே போட்டுவைத்தார். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியின் 12 சதவீத அடுக்கை எடுத்துப் பெரும்பாலான பொருள்களை 5-க்கும் 18-க்கும் தள்ளினார்கள். பக்கத்து டீம் பிரியாணி வரவழைத்து ராத்தங்கியது. சார் டேபிளில் புது விகிதத்தைச் சேர்த்தார், டெஸ்ட்டை ஓட்டினார், 6 மணி கேபில் வீட்டுக்குப் போய்விட்டார். "இவர் அப்படி என்னதான் வேலை பார்க்கிறார்?" என்று பிரியாணிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

கோடுக்கு நடுவே எழுதும் விளக்கக் குறிப்பிலும் தகராறுதான். ‘ஐ ஈக்வல்ஸ் ஐ பிளஸ் 1’ என்ற வரிக்கு மேல் ‘ஐ-யோடு ஒன்றைக் கூட்டுகிறோம்’ என்று யாராவது எழுதினால் போதும். "கூட்டறது எனக்கே தெரியுது. ஏன் கூட்டறேன்னு எழுது" என்று திருப்பி அனுப்புவார். அதைவிட அவருக்கு ஆகாதது, ‘தயவுசெய்து இதைத் தொடாதீர்கள்’ என்ற குறிப்பு. பெயர் இருக்காது, தேதி இருக்காது, காரணமும் இருக்காது. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். சார் மட்டும் முதலில் நாலு டெஸ்ட் எழுதிவைத்துக்கொண்டு, பிறகு தொடுவார். ‘இது நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு’ என்பவர்களுக்கு டோனி ஹோர் கதை கிடைக்கும். எதையும் சுட்டிக்காட்டாத ‘நல் ரெஃபரன்ஸ்’ என்ற சமாச்சாரத்தை 1965-இல் கம்ப்யூட்டர் மொழிக்குள் கொண்டுவந்த ஹோர், 2009-இல் மேடையேறி அது தன்னுடைய பில்லியன் டாலர் தவறு என்று ஒப்புக்கொண்டார். "அந்த மனுஷர் 44 வருஷம் கழிச்சுப் பொறுப்பேத்துக்கிட்டார். நீ போன ஸ்பிரிண்ட்ல எழுதினதுக்கே பொறுப்பேத்துக்க மாட்டேங்கிற."

மேனேஜர்களுக்கு இவரைக் கண்டால் வயிற்றைக் கலக்கும். புராஜெக்ட் இழுத்துக்கொண்டு போகிறது, வேலையில்லாமல் பெஞ்சில் இருக்கும் நாலு பேரைப் போடுகிறேன் என்று மேனேஜர் சொன்னால், சார் டிராயரைத் திறந்து ஃப்ரெட் புரூக்ஸின் புத்தகத்தை எடுப்பார். ஏற்கெனவே தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று 1975-இல் வந்த புத்தகம். "அது பழைய புக்கு சார்" என்றார் ஒரு மேனேஜர். "தாமதம் மட்டும் புதுசாங்க?" என்றார் இவர். வாராவாரம் எழுதிய வரிகளின் எண்ணிக்கையை நிரப்பச் சொல்லி ஒரு எக்ஸெல் ஷீட் வந்தபோது அதில் ‘மைனஸ் 300’ என்று போட்டார். ஆப்பிளில் லிசா கம்ப்யூட்டர் உருவான சமயம், 1982-இல் பில் அட்கின்சன் இப்படித்தான் ‘மைனஸ் 2000’ என்று எழுதிக் கொடுத்தார். சாருக்கு அந்தத் தைரியம். ஷீட் மைனஸை ஏற்காமல் சிவப்பில் கத்தியது. ஹெச்ஆர், அது டைப்பிங் மிஸ்டேக் என்று நினைத்துத் தாங்களே பிளஸ் ஆக்கிவிட்டார்கள். அந்த வருஷம் மட்டும் இன்கிரிமென்ட் நன்றாக வந்தது.

குறையில்லாத மனுஷர் என்று சொல்ல வரவில்லை. ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் வைக்க முக்கால் மணி நேரம் காரிடாரில் நடப்பார். கடைசியில் வைக்கும் பெயர் ஸ்கிரீனில் அடங்காது. இத்தனை தெளிவு பேசும் மனுஷரின் கையெழுத்தை ஒரு ஜீவனாலும் படிக்க முடியாது. செக்கை பேங்கிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது கோட் எழுத ஏஐ வந்துவிட்டது. சார் அதோடு சண்டைக்குப் போகவில்லை. அது எழுதியதையும் எடுத்து ரிவியூ செய்கிறார். முன்பு ஒரு நாளைக்கு 100 வரி படித்தவர் இப்போது 1,000 வரி படிக்கிறார். "எழுதறதுதான் சல்லிசாயிடுச்சு. படிக்கிறது பழைய விலையிலேயே நிக்குது" என்பார். ஒரே ஒரு சந்தேகம் அவருக்கு. "எதைத் திருத்தினாலும், ‘நீங்க சொல்றது ரொம்பச் சரி’ங்குது. வேணும்னே தப்பாச் சொல்லிப் பார்த்தேன். அதுக்கும் சரிங்குது. இது கோட் எழுத வந்ததில்லைப்பா. சீக்கிரம் மேனேஜராயிடும்."

காலாண்டு முடிவில் விருது கொடுப்பார்கள். ராத்திரி 2 மணிக்கு சர்வர் படுத்தபோது கண்விழித்து எழுப்பியவருக்குத்தான் அது போகும். படுக்காத சர்வரின் கோடை எழுதியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. சார் முதல் வரிசையில் நின்று மனசாரக் கைதட்டுவார். கேக் வெட்டியதும் விருது வாங்கியவரிடம் மெல்லப் போய், "எதனால படுத்துச்சு?" என்று கேட்பார்.

"தெரியல சார். ரீஸ்டார்ட் பண்ணோம், எழுந்துடுச்சு."