அண்ணன் மகனின் சைக்கிள் குறித்து ஒரு விளக்கம்

சிங்கப்பூர்

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

பூங்கா இணைப்புப் பாதை எனப்படுவது, ஒரு பூங்காவின் எல்லை முடியும் இடத்திலிருந்து அடுத்த பூங்காவின் வாயில் வரை, மோட்டார் வாகனங்களின் இடையூறு பெரும்பாலும் இன்றி, நடப்பவரும் ஓடுபவரும் சைக்கிளில் செல்பவரும் போய்ச் சேரும்படி மரநிழலோடு அமைக்கப்படும் வழியாகும். சிங்கப்பூரில் இத்தகைய பாதைகள் 300 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கின்றன. தங்கள் அண்ணன் மகன் கார் வாங்காமல் சைக்கிள் வாங்கியதற்கு அவருக்கு வேலை போனதே காரணம் என்று ஊரில் ஒரு கருத்து நிலவுவதாகத் தெரியவருவதால், அக்கருத்து ஆதாரமற்றது என்பதையும், அந்தச் சைக்கிள் எங்கும் போய்ச் சேரும் நோக்கமின்றி மேற்சொன்ன பாதைகளில் ஓட்டப்படுவதற்காகவே வாங்கப்பட்டது என்பதையும் இக்கடிதம் நிறுவ முற்படுகிறது.

கார் குறித்த ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். இங்கே கார் வாங்க விரும்புபவர், காருக்கு விலை கொடுப்பதற்கு முன், அதை வைத்திருக்கும் உரிமைக்குத் தனியே ஏலத்தில் விலை கேட்க வேண்டும். வாகன உரிமைச் சான்றிதழ் எனப்படும் அவ்வுரிமை 10 ஆண்டுகளே செல்லும் என்பதும், 2023இல் அதன் விலை மட்டும் 1,00,000 வெள்ளியைத் தாண்டியது என்பதும் (வெள்ளி என்பது இங்குள்ள தமிழர் டாலரைக் குறிக்கும் சொல்) சித்தியிடமும் தெரிவிக்கத் தக்கவை.

நோக்கமின்றிச் சைக்கிள் ஓட்டுதல் என்னும் கருத்தாக்கம் ஊரில் விளங்குவது கடினம். பால் கேனும் ரேஷன் அரிசியும் ஏற்றுவதற்கும், டியூஷனுக்குப் போவதற்கும் உரிய வண்டியாகவே அங்கே சைக்கிள் அறியப்படுகிறது. பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியும் பள்ளிக்குப் போக வேண்டும் என்னும் நோக்கத்தோடுதான் கொடுக்கப்படுகிறது. முதல் சம்பளத்தில் மோட்டார் பைக் வாங்கியவர் மீண்டும் சைக்கிளில் ஏறுவது வீழ்ச்சி என்று கருதப்படுகையில், அதே மனிதர் கடல் கடந்து வந்து, இறுகப் பிடிக்கும் கால்சட்டை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி அணிந்து, ஞாயிறு விடியலில் வியர்க்க வியர்க்க மிதிப்பதை உறவினர் ஐயுறுவதில் வியப்பில்லை.

வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற தங்களுக்கு இப்பாதைகளின் பிறப்பு வரலாறு சுவையளிக்கக்கூடும். 1967இல் அன்றைய பிரதமர் லீ குவான் யூ இந்நகரைத் தோட்ட நகரமாக்கும் திட்டத்தை அறிவித்த பின் பூங்காக்கள் பெருகினவெனினும், ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டரே உள்ள தீவில் அவற்றை ஒன்றோடொன்று இணைப்பதற்கென்று புதிதாக நிலம் ஒதுக்க வழியில்லை. ஆகவே திட்டமிடுவோரின் பார்வை வடிகால்களின் மீது விழுந்தது. பெருமழை நாட்டில் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் பெரிய கான்கிரீட் கால்வாய்களின் இருபுறமும், பராமரிப்பு வண்டிகள் போய்வருவதற்கென்று விடப்பட்டிருந்த ஒதுக்கு நிலம் சும்மா கிடந்தது. அதில் பாதை இட்டு மரம் நட்டால் போதும் என்னும் யோசனைக்கு 1991இல் ஒப்புதல் கிடைத்தது. தங்கள் துறையின் மொழியில் சொன்னால், இது வாய்க்கால் புறம்போக்கு. ஊரில் அப்படியொரு நிலம் என்றவுடன் யாருடைய சமையலறை அதில் நீண்டிருக்கிறது என்னும் கேள்வியே முதலில் எழும். இங்கே முப்பது ஆண்டுகளாகியும் ஒரு டீக்கடை கூட அதில் முளைக்காதது, நிர்வாகத்தின் சிறப்பா அல்லது மக்களின் முயற்சிக் குறைவா என்பது ஆய்வுக்குரியது.

இவற்றுள் தங்கள் அண்ணன் மகன் மிகுதியும் பயன்படுத்துவது, பீஷான் அங் மோ கியோ பூங்காவிலிருந்து கல்லாங் ஆற்றின் ஓரமாகச் செல்லும் பாதையாகும். இப்பூங்காவை ஒட்டி முன்பு நேர்கோடாக ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து செல்லும் ஆறாக அதை மாற்றி, கரைகளைக் கல்லாலும் செடிவேர்களாலும் உறுதிப்படுத்தி, 2012இல் மக்களுக்குத் திறந்தனர். மழையில் நீர் உயரும்போது பூங்காவின் புல்வெளியே ஆற்றின் பரப்பாகிவிடும். அதற்கு முன் அபாயச் சங்கு ஒலித்து, விளக்குகள் எரிந்து, உலாவுவோரை மேட்டுக்கு அனுப்பும். ஆறுகள் கால்வாயாகச் சுருங்குவதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, கால்வாய் ஒன்று பதவி உயர்வு பெற்று ஆறானது கொஞ்சம் பொறாமையைத் தரும் காட்சிதான். ஆறு திரும்பியதும் நீர்நாய்களும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தன. இவை பாதையின் குறுக்கே செல்லும்போது சைக்கிளோட்டிகள் அனைவரும் நின்று வழிவிட்டுப் படம் எடுக்கின்றனர். தனியார் குடியிருப்புக் குளங்களில் வளர்க்கப்படும் விலையுயர்ந்த கோய் மீன்களை இந்நீர்நாய்கள் தின்றுவிட்டுப் போவதாகச் செய்தித்தாள்களில் அவ்வப்போது படிக்க நேர்கிறது. அபராதங்களுக்குப் பெயர்பெற்ற இந்நாட்டில் அபராதம் எதுவும் கட்டாமல் திரியும் ஒரே குடிமக்கள் இவை என்று துணிந்து கூறலாம்.

மற்றவர்களுக்கு விதிகள் உண்டு. இணைப்புப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டரும், சாதாரண நடைபாதையில் 10 கிலோமீட்டரும் உச்ச வேகம். இருட்டில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். சில இடங்களில் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிச் செல்லுமாறு பலகை பணிக்கும். குரங்குக்குப் பரிவோடு ஒரு வாழைப்பழம் கொடுத்தாலும் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம் என்பதால், கோயில் குளக்கரைகளில் வளர்ந்த பழக்கங்களை விமான நிலையத்திலேயே விட்டுவிடுவது நல்லது. வாடகைச் சைக்கிளை எடுத்தவர் அதை மஞ்சள் கட்டத்துக்குள் நிறுத்தி, அங்குள்ள கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் படம்பிடித்தால்தான் பயணம் முடிந்ததாகக் கொள்ளப்படும்.

இனிப் பிற பாதைகள் பற்றி. கிழக்குக் கடற்கரைப் பூங்கா, கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் சுமார் 15 கிலோமீட்டர் நீளும் பூங்காவாகும். 2007இல் அதைச் சாங்கி, பாசிர் ரிஸ் பூங்காக்களோடு இணைத்து 42 கிலோமீட்டர் சுற்றுப்பாதை ஒன்றும் திறக்கப்பட்டது. அங்கே நிழல் தருபவற்றுள் பல நம் தாலுகா அலுவலக வாசலில் நிற்கும் அதே தூங்குமூஞ்சி மரங்கள்தான். அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து குடிபெயர்ந்த மரமே ஆதலால் அதனடியில் நிற்கும் குடியேறிகளுக்குச் சங்கடம் ஏற்படுவதில்லை. பாதையோர உணவங்காடி நிலையத்தில் வறுத்த கேரட் கேக்கும் கரும்புச் சாறும் கிடைக்கின்றன. ஒருவர் மிதித்து இழந்ததைவிட அங்கே ஈட்டுவது அதிகம் என்பதே பொது அனுபவம்.

தீவு முழுவதையும் சுற்றிவரும் 150 கிலோமீட்டர் பாதையும் உருவாகிவருகிறது. அதன் கிழக்குப் பகுதி 75 கிலோமீட்டர் 2021இல் திறக்கப்பட்டது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதற்காக இவ்வளவு தூரம் போவதேன் என்று கேட்பவர்களுக்குத் திருவண்ணாமலைக் கிரிவலத்தைக் காட்டலாம். இங்கே நடுவில் மலைக்குப் பதிலாக நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. 2011 ஜூன் 30 அன்று கடைசி ரயில் போன பின் பசுமை வழியாக மாற்றப்பட்ட 24 கிலோமீட்டர் பழைய மலாயா ரயில் தடத்திலும் சைக்கிள் ஓட்டலாம். அத்தடத்திலிருந்து சற்று விலகிச் சென்றால், ரயில்வேயில் உழைத்த தமிழர்கள் குடிசையில் தொடங்கிய முனீஸ்வரன் வழிபாடு, இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக நிற்பதைக் காணலாம்.

விடியலில் இப்பாதைகளில் இருவகைச் சைக்கிள்கள் செல்கின்றன. ஒன்று, எடை குறைவதற்கேற்ப விலை கூடும் கார்பன் சட்டகச் சைக்கிள். மற்றொன்று, கைப்பிடியில் சாப்பாட்டுப் பொட்டலம் தொங்க, விடுதியிலிருந்து வேலைத்தளத்துக்குப் போகும் தொழிலாளியின் துருப்பிடித்த சைக்கிள். இரண்டாமவர் பெரும்பாலும் நம் மாவட்டத்துக்காரராகவோ வங்காளதேசத்தவராகவோ இருக்கிறார். தங்கள் அண்ணன் மகனை முந்திச் செல்பவரும் அவரே.

இறுதியாகத் தங்கள் வருகை பற்றி. கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலிருந்து சாங்கி விமான நிலையத்தின் இரண்டாம் முனையம் வரை 3.5 கிலோமீட்டர் இணைப்புப் பாதை 2020இல் திறக்கப்பட்டது. அதன் ஓரமாக ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு டைனோசர் சிலைகள் முழு உருவில் நிற்கின்றன. ஊரில் வழியனுப்புவதற்கென்று வேன் பிடித்துக் குடும்பமே விமான நிலையம் போவதுபோலன்றி, எந்த விமானத்திலும் ஏறாதவர்களும் எவரையும் வழியனுப்பாதவர்களும் இங்கே சைக்கிளில் விமான நிலையத்துக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். தங்களை வரவேற்கத் தங்கள் அண்ணன் மகனும் அவ்வழியாகவே வர எண்ணியுள்ளார். தாங்கள் ரயிலில் வீடு சேரலாம். அவரது சைக்கிளில் பின்புறக் கேரியர் கிடையாது, முன்புறம் சிறு கூடை மட்டுமே உண்டு. ஆதலால் சித்தி நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புவதாயின் ஒரு பாட்டிலோடு நிறுத்திக்கொள்ளுமாறும், சென்ற முறை போல் அரிசி மூட்டை வேண்டாம் என்றும் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
தங்கள் அண்ணன் மகன்