உள்ளேயே ஒரு வைரஸ்

கேள்வி: நம் மரபணுவுக்குள்ளேயே வைரஸ்கள் இருக்கின்றனவாமே! பிறகு ஏன் தினமும் காய்ச்சல் வருவதில்லை?

பதில்: வாயைக் கட்டி வைத்திருப்பதால்தான்! நம் டி.என்.ஏ.வில் சுமார் 8 சதவீதம், மூதாதையரின் கருவணுக்களில் என்றோ புகுந்த ரெட்ரோவைரஸ்களின் மிச்சம். பெரும்பாலானவை உடைந்து கிடப்பவை. மற்றவற்றுக்கு மெத்தில் என்னும் வேதிப்பூட்டு. பூட்டு தளர்ந்து இரட்டை இழை ஆர்.என்.ஏ. எட்டிப் பார்த்தால், எம்.டி.ஏ.5 என்ற காவல்காரப் புரதம் தடவிப் பார்த்தே 'திருடன்' என்று கூவிவிடும். உடனே இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் ஊரையே எழுப்பும். டெசிடபின் போன்ற மருந்துகள் புற்றுநோய்ச் செல்களில் இந்தப் பூட்டைத் திறந்து, காவலாளியைக் கூவ வைக்கின்றன.

எல்லோரும் திருடரல்ல. நஞ்சுக்கொடிச் செல்களை ஒன்றாக இணைக்கும் சின்சிட்டின், பழைய வைரஸ் ஒன்று தந்த சீதனம். அம்மா வயிற்றில் நமக்குச் சோறு வந்தது அப்படி இணைந்த செல்களின் வாசல் வழியாகத்தான்!