‘எப்பவாச்சும்’ குடிக்கிறவனுக்கு அப்பிச்சி சொன்ன புத்தி

வா கண்ணு, உக்காரு. உங்கம்மா போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டா. ஞாயித்துக்கெழம ராத்திரி போலீஸ்காரன் மிசினை நீட்டி ஊதச் சொன்னானாம், நீயும் எழவு வீட்டுல சங்கு ஊதறவனாட்டம் மூச்சுப் புடிச்சு ஊதிட்டியாம். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமத் தாண்டுனா குத்தம். நீ அதுக்கு மூணு பங்கு தாண்டிருக்கறே. நம்ம குடும்பத்துல எதுலயாச்சும் ஒருத்தன் நெறைய மார்க் வாங்கோணும்னு எனக்கும் நெம்ப நாளா ஆசைதான்.

10,000 ரூபா அபராதம் கட்டியாச்சு. லைசென்சு மூணு மாசத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுல தூங்குது. பள்ளிக்கூட பஸ்ஸு ஓட்டறவனாச்சே, மொதலாளி கேப்பாரா? “பெரியாஸ்பத்திரி மனநல டாக்டர்கிட்டப் போயி, குடி எந்த மட்டுல இருக்குதுன்னு பாத்து எழுதி வாங்கிட்டு வா. அப்பறம் சாவியப் பத்திப் பேசலாம்”னுட்டாரு. வியாழக்கெழம போகோணும். அதுக்கு நீ பண்ற ஏற்பாட்டக் கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. முடி வெட்டியாச்சு. நெத்தி நெறையத் துண்ணூறு. உன்ற கூட்டாளி ஒருத்தன் எலுமிச்சங்கா, மோரு, கொத்தமல்லித் தண்ணின்னு பத்தியம் சொல்லியிருக்கறான். இன்னொருத்தன் அவன் மூத்திரத்தையே பாட்டல்ல தர்றேங்கறான். இந்தக் காலத்துல இப்பிடிக் கூட்டாளி ஆருக்குக் கெடைப்பான்?

வாங்கிக்க. ஆனா புடிச்சுக் குடுத்த மூத்திரம் ஒடம்புச் சூட்டுல இருக்குதான்னு பாக்கற எடமும் உண்டு. அதுல தப்பிச்சாலும், அவனுக்குச் சக்கரை இருந்துச்சுன்னா உனக்குல்ல மாத்திரை எழுதுவாங்க? உன்ற குடிய மறைக்கப் போயி அவன் வியாதிய வாங்கிட்டு வருவே.

எனக்கென்னடா தெரியும்னு நெனைக்காதே. அதே மனநல வார்டுல நர்சிங் உதவியாளா இருந்து ரிட்டையர் ஆனவன் நானு. டாக்டர் ரூம் வாசல்ல ஸ்டூலப் போட்டு உக்காந்து, ஜில்லாவுல இருக்கற அத்தன பொய்யவும் ஓசியிலே கேட்டவன். அதுல நூத்துக்குத் தொண்ணூறு ஒரே பொய்யி. “எப்பவாச்சும்ங்க டாக்டர்.”

இந்த ‘எப்பவாச்சும்’ங்கறதச் சொல்லிட்டு அவன் நிமுந்து உக்காருவான். டாக்டரம்மா அவனோட பேசவே மாட்டாங்க. கூட வந்த பொம்பளையப் பாத்து, “நீங்க சொல்லுங்கம்மா”ம்பாங்க. ஒருக்கா ஒரு அம்மிணி, முந்தானையத் திருகிட்டு, தரையப் பாத்துட்டே சொல்லுச்சு: “ஆமாங்க, எப்பவாச்சும் குடிக்காம இருப்பாருங்க.” டாக்டரம்மா சிரிக்கல. எழுதிக்கிட்டாங்க. நான் எந்திரிச்சுப் போயி வராண்டாவுல சிரிச்சுட்டு வந்தேன். அதனால உன்ற பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போகாம இருக்கலாம்னு கணக்குப் போடாதே. கூட்டிட்டு வாங்கன்னு அவங்களே திருப்பி அனுப்புவாங்க. பஸ் காசு ரெண்டு தடவ.

நம்மாளுங்களையும் குத்தஞ் சொல்லிப் பிரயோசனமில்ல. 1925-ல ராஜாஜி திருச்செங்கோட்டுப் பக்கம் நம்ம புதுப்பாளையத்துல ஆசிரமம் வெச்சுக் குடிய எதுத்துப் பேசுனாரு. 1937-ல ஆட்சிக்கு வந்ததும் மொதமொதல்ல மதுவிலக்கக் கொண்டாந்ததே நம்ம சேலம் ஜில்லாவுலதான். திருச்செங்கோடு அப்ப சேலத்தோடதான இருந்துச்சு? “நான் குடிக்கறதில்லீங்க”ன்னு சொல்ல அன்னைக்கே பழகிட்டாங்க. அப்பறம் 1983-ல டாஸ்மாக் வந்துச்சு, 2003-லருந்து சர்க்காரே சில்லறைக் கடையும் போட்டு வித்துச்சு. சரக்கு வெளிச்சத்துக்கு வந்துருச்சு, பொய்யி மட்டும் இன்னும் ஒளிஞ்சுட்டே இருக்குது.

சரி, உள்ள என்ன நடக்கும்? பத்துக் கேள்வி இருக்கற தாளு ஒண்ணு எடுப்பாங்க. உலக சுகாதார நிறுவனம் ஆறு நாட்டுல சோதிச்சுப் பாத்து 1989-ல வெளியிட்டது. எத்தன நாளைக்கு ஒருக்கா குடிப்பே, ஒரு நாளைக்கு எவ்வளவு, ஆரமிச்சா நிறுத்த முடியுதா, விடிஞ்சதும் ஒரு வாய் வேணுமா, நேத்து ராத்திரி நடந்தது மறந்து போகுதா, உன்னால ஆருக்காச்சும் அடிபட்டிருக்குதா... இப்பிடிப் போவும். மொத்தம் 40 மார்க்கு. பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு. இங்க மார்க்கு கம்மியா வாங்குனாத்தான் நல்ல பையன். 8 வந்தாலே கவனிக்கோணும்பாங்க. 20-அத் தொட்டா, குடி உன்னயக் குடிச்சுட்டு இருக்கலாம்னு தீர விசாரிப்பாங்க.

ரெண்டாவது கேள்வியிலதான் நம்மாளுங்க விழுவாங்க. “ஒரே ஒரு குவார்ட்டர்ங்க” அப்பிடிம்பான், என்னமோ ஒரு வாய் தீர்த்தம் வாங்குனவனாட்டம். அந்தத் தாள்ல ஒண்ணுன்னா 10 கிராம் ஆல்கஹால். பாட்டல்ல 42.8 சதம்னு போட்டிருக்கும், படிச்சிருக்கறியா? நீ எங்க படிப்பே, மூடியத் திருகற அவசரம். 180 மில்லில சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். அப்ப உன்ற ‘ஒண்ணு’ அங்க ஆறு. ஸ்ட்ராங் பீர் 650 மில்லி அடிச்சா நாலு. “பீருதானுங்க, அது குடியில சேத்தியா?”ன்னு வேற கேக்காதே, டாக்டரம்மா பேனாவக் கீழ வெச்சுருவாங்க.

அந்த 60 கிராமத்தான் உன்ற ஈரல் கரைக்கோணும். மணிக்கு 7 கிராம், தாட்டியான ஆளுன்னா 10. ஒரு குவார்ட்டரு எறங்க ஆறுலருந்து எட்டரை மணி நேரம். ராத்திரி பத்து மணிக்குக் கடை சாத்தறப்ப ஆஃப் வாங்கி ஊத்திட்டு, விடியக்காலம் ஏழு மணிக்குக் குளிச்சு, துண்ணூறு பூசி, சாமி கும்பிட்டு, நாப்பது குழந்தைய ஏத்திட்டு ஸ்டியரிங்கப் புடிச்சியே, அப்பவும் உன்ற ரத்தத்துல சரக்கு ஓடிட்டுத்தான் இருந்துச்சு. எலுமிச்சங்கா அதை ஒரு நிமிசங்கூட முந்தி எறக்காது. நாத்தம் வேணா மாறும். மிசினு மோந்து பாக்கறதில்ல கண்ணு, நெஞ்சுக்குள்ளருந்து வர்ற காத்த அளக்குது.

அப்பறம் ரத்தம் எடுப்பாங்க. ஜி.ஜி.டி.ன்னு ஒண்ணு. நெம்பக் குடிக்கறவனுக்குப் பெரும்பாலும் ஏறி நிக்கும். விட்டாலும் எறங்கறதுக்கு வாரக் கணக்காகும். சிவப்பணு வீங்கிக் கெடந்தாச் சரியாவ மாசக் கணக்காகும். நாலு நாள் நல்லவனா இருந்துட்டு வியாழக்கெழம போனா, நாக்கு ஒரு கதை சொல்லும், ரத்தம் ஒரு கதை சொல்லும். லாரில வடக்க போறப்பப் பழகுனியே கஞ்சாப் பொட்டலம், அது உங்கம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எப்பவோ ஒருக்கா இழுத்தவனுக்கு மூணு நாலு நாள்ல மூத்திரத்துலருந்து போயிரும். தினமும் இழுத்தவனுக்கு மாசம் தாண்டியும் நிக்கும். உன்ற கணக்கு எதுன்னு நான் கேக்கல. அவங்க கேப்பாங்க.

இனி சொல்றத மட்டும் வெளையாட்டா எடுத்துக்காதே. “இன்னைலருந்து சொட்டுத் தொடமாட்டேன், சுத்தமாப் போயி நிக்கறேன்”னு வீராப்புப் பேசறயாமே? தினமும் குடிச்ச ஒடம்பு அது. சடார்னு நிறுத்துனா அன்னைக்கே கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வந்து விழுந்தவங்களத் தூக்கியிருக்கறேன். மூணாம் நாளு செவுத்துல பூச்சி ஊர்றதா அடிச்சுட்டு, பெத்த புள்ளையவே தெரியாம முழிக்கறவனும் உண்டு. டாக்டருங்க டி.டி.ம்பாங்க, நாங்க சன்னிம்போம். உசுரே போயிரும். அதனால வியாழன் வரைக்கும் காத்திருக்காதே. நாளைக்கே போயி, “நிறுத்தலாம்னு இருக்கறேனுங்க, இத்தன நாளா இத்தன குடிச்சேனுங்க”ன்னு சொல்லு. நடுக்கத்துக்கு மாத்திரை இருக்குது, பி1 ஊசி இருக்குது. வீட்டுல கெடந்து குளுக்கோஸ் ஏத்திக்கலாம்னு எவனாச்சும் சொன்னா அவன் பேச்சக் கேக்காதே. நாங்க பி1 போடாம குளுக்கோஸத் தொடவே மாட்டோம்.

அங்க போனதும், “கை ரெண்டையும் முன்னால நீட்டுங்க, வெரல விரிங்க”ம்பாங்க. எங்க டாக்டரம்மா வெரலு மேல ஒரு வெள்ளைத் தாள வெப்பாங்க. “எப்பவாச்சும்ங்க”ன்னு வாயி சொல்லிட்டு இருக்கும், அந்தத் தாளு ஃபேனே இல்லாத ரூம்ல படபடன்னு அடிக்கும். அவனே அதப் பாப்பான். அப்பறம் பேச்சு வராது.

உண்மையிலேயே தயாராவோணும்னா ஒரு பைய எடு. கோர்ட்டு ரசீது, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, நீ முழுங்கற மாத்திரை அத்தனையும் போடு. இருமலுக்குக் குடிச்ச சிரப்பு பாட்டலவும் போடு, அதுல கோடீன் இருந்தா மூத்திரத்துல அபின் சாதின்னு காட்டும். உன்ற அமுச்சி கசகசா அரைச்சு ஊத்துன குருமா தின்னிருந்தா அதையுஞ் சொல்லு, அதுவுங்கூட அப்பிடிக் காட்டும். மொதக் குடி எப்ப, கடைசிக் குடி எப்ப, நடுவுல எத்தன நாள் விட்டிருந்தேன்னு ஒரு துண்டுக் காயிதத்துல எழுதிக்க. விட்டிருந்த நாளு முக்கியம் கண்ணு, எதனால விட முடிஞ்சுதுன்னு அவங்க அங்கதான் புடிப்பாங்க.

கையெழுத்துப் போடறதுக்கு முந்தி, “மொதலாளிக்கு என்ன எழுதுவீங்க?”ன்னு கேளு. 2017-ல வந்த மனநலச் சட்டத்துல குடி, போதையும் சேத்தி. நீ சொன்னத ஊருக்குச் சொல்லக் கூடாதுங்கறதும் அதுல இருக்குது. அவங்க போலீசில்ல. நீ பொய் சொன்னா அவங்களுக்கு ஒரு நட்டமுமில்ல, உனக்குத்தான் தப்பு மருந்து. போறதுக்குக் கூச்சமா இருந்தா மொதல்ல 14446-க்குப் போன் அடி, காசு புடிக்காது. போறப்ப டவுன் பஸ்ஸுல போ. மொபெட்டுல போயி நிக்காதே, லைசென்சு இல்லாதவன் குடி சோதனைக்குப் போற வழியில மாட்டுனான்னு பேப்பர்ல போடுவான்.

கடைசியா, “வீட்டுல வேற ஆரு குடிப்பாங்க?”ன்னு கட்டாயம் கேப்பாங்க. இது ரத்தத்துல வர்ற சங்கதி, மறைக்காதே. உங்கப்பன் பேரச் சொல்லு. உன்ற பெரிய மாமன் பேரச் சொல்லு. என்ற பேரு வந்தா மட்டும், “அப்பிச்சி கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தானுங்க”ன்னு சொல்லிரு. வருசத்துக்கு உங்கூர்ல எத்தன கல்யாணம், எத்தன கருமாதின்னு டாக்டரம்மா கேட்டா, அத மட்டும் எண்ணிச் சொல்லிராதே.