சாரலுக்கு எந்த மெஷின்?

கே: ராடு, மிக், டிக் மூன்றும் அடிக்கும் த்ரீ-இன்-ஒன் வெல்டிங் மெஷின் வாங்கினால் மூன்று மெஷின் வாங்கியதற்குச் சமமா? (இலஞ்சி வாசகர்)

ப: மூன்று வேலையும் கையில் இருந்தால் சமம். பெட்டி ஒன்றுதான், ஆனால் மிக்குக்கு வயர் சுருள், சிலிண்டர், ரெகுலேட்டர் வேண்டும். டிக்குக்குத் தனி டார்ச், ஆர்கான் வேண்டும். இதெல்லாம் சொன்ன விலைக்குள் அடங்குமா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கிரில், கேட், தகரக் கொட்டகைதான் பிழைப்பு என்றால் நல்ல ராடு மெஷின் ஒன்று போதும். மிச்சப் பணத்தில் தடிமனான கேபிள் வாங்குங்கள்.

கே: சீசன் மாதங்களில் வெளியே மிக் அடித்தால் ஜாயின்ட் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டை. மெஷின் கோளாறா? (குற்றாலம்)

ப: மெஷின் மேல் பழி வேண்டாம், காற்றைப் பாருங்கள். உருகிய இரும்பின் மேல் காற்று படாமல் காக்கத்தான் கேஸ் விடுகிறோம். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் காற்றடித்தாலே அந்தப் போர்வை கலைய ஆரம்பித்துவிடும். காற்றாலை சுழலத் தொடங்குவதற்கே சுமார் 3 மீட்டர் வேகம் வேண்டும். ஆகவே, சுரண்டைப் பக்கம் காற்றாலை சுற்றுவது கண்ணில் பட்டால் திறந்தவெளியில் கேஸ் மிக் வேண்டாம். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும் ஜூன், ஜூலையில் இது அன்றாடக் கதை. கேஸைக் கூட்டித் திறந்தாலும் பலன் இல்லை. வேகமாகப் பீறிடும் கேஸ் சுழன்று, பக்கத்துக் காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். வழி இரண்டு: படுதா கட்டி மறைப்பது, அல்லது கேஸ் இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் வயருக்கு மாறுவது. அந்த வயருக்கு டார்ச் மைனஸில் இருக்க வேண்டும், சாதா வயருக்குப் பிளஸில். முனை மாற்ற வசதி இல்லாத மெஷின் நம் ஊருக்குப் பாதி மெஷின்தான்.

கே: எஸ்.எஸ். கைப்பிடியை டிக்கில் அழகாக அடிக்கிறேன். அதே மெஷினில் அலுமினியம்? (தென்காசி)

ப: டி.சி. மட்டும் தரும் மெஷின் என்றால் ஆகாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படர்ந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஏ.சி. கரண்டின் ஒரு பாதி அந்தத் தோலை உரிக்கும், மறுபாதி உலோகத்தை உருக்கும். விலை குறைந்த த்ரீ-இன்-ஒன்களில் பெரும்பாலும் டி.சி. டிக்தான்.

கே: விளம்பரத்தில் 400 ஆம்பியர் என்கிறார்கள். நம்பலாமா? (கடையநல்லூர்)

ப: பெட்டியின் முகத்தை விடுங்கள், முதுகில் உள்ள பிளேட்டைப் படியுங்கள். அதில் 'எக்ஸ்' என்ற எழுத்துக்கு நேரே உள்ள சதவீதம்தான் டியூட்டி சைக்கிள். 200 ஆம்பியருக்கு 60 சதவீதம் என்றிருந்தால், 10 நிமிடத்தில் 6 நிமிடம் அடிக்கலாம், 4 நிமிடம் ஆற விட வேண்டும். அந்தக் கணக்கு 40 டிகிரி வெயிலுக்கா, குளிர்ந்த அறைக்கா என்றும் கேளுங்கள். 3.15 மி.மீ. ராடுக்கு 130 ஆம்பியர் தாராளம். அந்த இடத்தில் எத்தனை சதவீதம் நிற்கிறது என்பதே உங்களுக்கு வேண்டிய எண்.

கே: மாலையானால் ராடு ஒட்டிக்கொள்கிறது. (புளியங்குடி)

ப: முதலில் உங்கள் எக்ஸ்டென்ஷன் வயரை மாற்றிப் பாருங்கள். நீளமான மெல்லிய வயர் வோல்டேஜைத் தின்றுவிடும். பிறகும் மாலையில் ஒட்டினால் லைன் வோல்டேஜே தாழ்கிறது என்று பொருள்; தாழ்ந்த வோல்டேஜிலும் ஓடும் இன்வெர்ட்டர் மெஷினைத் தேடுங்கள். எந்த வோல்ட் வரை தாங்கும் என்பது பிளேட்டிலோ கையேட்டிலோ இருக்கும்.

கே: லேசான தூறலுக்கெல்லாம் வேலையை நிறுத்த முடியுமா? (செங்கோட்டை)

ப: நிறுத்தித்தான் ஆக வேண்டும். மெஷின் ஆனில் இருந்து, ராடு எதையும் தொடாமல் இருக்கும்போது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். நனைந்த சட்டை, ஈரத் தரை, வியர்த்த கை சேர்ந்தால் அது உயிரையே எடுக்கும். வி.ஆர்.டி. (வோல்டேஜ் குறைக்கும் அமைப்பு) உள்ள மெஷினில் அந்த வோல்டேஜ் 35-க்குக் கீழே இறங்கிவிடும். நம் ஊரில் நான் முதலில் கேட்கும் வசதி இதுதான். டிக், மிக் எல்லாம் அப்புறம். ஆனாலும் வி.ஆர்.டி. குடை ஆகாது. இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஹெல்பர் தம்பிக்கும் காய்ந்த தோல் கையுறை, செருப்புக்குப் பதில் ஷூ, முகத்துக்கு ஷீல்டு வாங்கிக் கொடுங்கள். அவன் கண்ணும் கண்தான்.

கே: எட்டாம் வகுப்போடு நின்ற தம்பி இந்தத் தொழிலைப் படிக்க முடியுமா? (ஆலங்குளம்)

ப: முடியும். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு, எட்டாம் வகுப்பு போதும். நெல்லை பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் விசாரிக்கச் சொல்லுங்கள். கை தேறிய பிறகு, திருச்சியில் பெல் நிறுவனம் 1975-ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் நடத்தும் பயிற்சிகளையும் பார்க்கட்டும்.

கே: கடையில் எதைச் சோதித்து வாங்குவது? (பாவூர்சத்திரம்)

ப: நீங்கள் தினமும் அடிக்கும் சதுர பைப்பில் ஒரு துண்டையும் உங்கள் ராடையும் எடுத்துப் போங்கள். உங்கள் கையாலேயே அடித்துப் பாருங்கள். ஆம்பியரைக் குறைத்தபின் மெல்லிய பைப்பில் ஓட்டை விழாமல் ஆர்க் நிற்கிறதா என்று கவனியுங்கள். போர்டு பழுதானால் எங்கே சரிசெய்வார்கள், எத்தனை நாளாகும் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.